மாத்திரைக்காக ஊருக்கே வரணும்னு இல்லீங்க
வெளியூர் வேலைக்குப் போறவங்கதான் எச்ஐவி மாத்திரைய பாதியில விட்டுடுறாங்கன்னு கட்டுரையில போட்டிருக்கீங்க, நூத்துக்கு நூறு உண்மைங்க. நான் கடலூர் முதுநகர், எங்க சொந்தக்காரர் ஒருத்தர் மங்களூர்ல மீன்பிடி போட்டுல வேலைக்குப் போறவரு, டப்பாவ பாத்தா கூட இருக்கவங்க கேப்பாங்கன்னு மாத்திரைய பேப்பர்ல மடிச்சு லுங்கிக்குள்ள சுருட்டி வச்சுப்பாரு, தீர்ந்துச்சுன்னா ஊருக்கு வர்ற வரைக்கும் ஒண்ணும் கிடையாது. அப்படியே ரெண்டு மாசம் விட்டு எலும்பும் தோலுமா வந்து நின்னாரு, பாக்கவே முடியல. 2004லேர்ந்து அரசாங்கம் இலவசமா தர்ற மருந்துங்க, வேற மாநிலம் போனாலும் இங்க மாத்திரை வாங்குற ஏஆர்டி சென்டர்ல, அதாங்க எச்ஐவி மருந்து தர்ற மையத்துல, சொல்லி டிரான்ஸ்பர் வாங்கிட்டா அங்க இருக்க ஏஆர்டி சென்டர்லயே வாங்கிக்கலாம், இத அவருக்கு யாருமே சொல்லல! விட்டு விட்டு சாப்பிட்டா கிருமி மருந்துக்கு அடங்காம போயிடும். வெளியூர்ல இருக்கவங்க எய்ட்ஸ் உதவி எண் 1097க்கு போன் போட்டு கேளுங்க, காசு கிடையாது.