வழி கேட்டால் தலபுராணம் பாடும் புத்தகங்கள்

எனக்கு இருந்தது ஒரே ஒரு கேள்வி. மடிக்கணினியில் வைஃபை குறி முழுதாக நிற்கிறது, இணையம் மட்டும் வரவில்லை. ஏன்? தோண்டிப் பார்த்ததில், வலையமைப்பில் கணினியை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி 169.254 என்று தொடங்கியது. இதற்கு என்ன பொருள் என்று ஒவ்வொரு முறையும் யாரையாவது கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம், முறையாகப் படித்துவிடுவோம் என்று கணினி வலையமைப்பு அறிமுக நூல்கள் மூன்றை வாங்கினேன். மூன்றின் அட்டையிலும் ‘முன்னறிவு தேவையில்லை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பொறுமை தேவை என்று ஒன்றிலாவது போட்டிருக்கலாம்.

முதல் நூல் 1969இல், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் தொடங்கியது. வழி கேட்டவனை நிற்க வைத்துத் தலபுராணம் பாடுவதைப் போல நாற்பது பக்கம். அது முடிந்ததும் கணினிகளை இணைக்கும் விதங்கள்: பேருந்துத் தடம் போல ஒரு படம், வளையம் போல ஒரு படம், நட்சத்திரம் போல ஒரு படம். பிறகு டோக்கன் ரிங் என்ற பழைய வலையமைப்பு முறைக்கு ஒரு முழு அத்தியாயம்! டோக்கன் வளையத்தில் சுற்றிவருமாம், அது கையில் கிடைத்த கணினிதான் பேசலாமாம். அழகான ஏற்பாடுதான். ஆனால் இன்று அதைப் புதிதாக அமைப்பவர் யார்? வீட்டில் இருக்கும் அத்தனை கருவிகளும் நம்பியிருக்கும் வைஃபைக்கு ஆறே பக்கம்.

அடுத்தது, கணினிகள் பேசிக்கொள்ளும் வேலையை ஏழாகப் பிரித்துக் காட்டும், தப்பவே முடியாத ஓஎஸ்ஐ ஏழு அடுக்குகள். நான் அவற்றுக்கு எதிரி அல்ல. வேலையிடத்தில் ‘இது இரண்டாம் அடுக்குச் சிக்கல்’ என்று பேசிக்கொள்கிறார்கள், அந்தப் பேச்சு புரிய வேண்டும். ஆனால் அது 1984இல் தரநிலையாக வெளிவந்த ஒரு மாதிரி. அதற்கு முந்தைய ஆண்டே, 1983 ஜனவரி 1 அன்று, ஆர்ப்பாநெட் டிசிபி/ஐபி என்ற நெறிமுறைத் தொகுப்புக்கு மாறிவிட்டது, இன்றைய இணையமும் அதன் வழியில்தான் ஓடுகிறது என்பதைச் சொல்ல ஏன் இவ்வளவு தயக்கம்? தபால், உறை, அஞ்சல்காரர் என்று ஏழு அடுக்குக்கும் உவமை தேடி, ஐந்தாவது அடுக்கில் உவமை தீர்ந்துபோய் ஆசிரியர் திணறுவது பக்கத்திலேயே தெரிகிறது. இணையப் பேச்சை மறையாக்கி அனுப்பும் டிஎல்எஸ் எந்த அடுக்கு என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நூல் ஆறு என்கிறது, இன்னொன்று ஐந்து என்கிறது, மூன்றாவது அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இரத்தம் கொதித்தது இரண்டாவது நூலில்தான். ஐபி முகவரி அத்தியாயம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதல் எண் 128 முதல் 191 வரை இருந்தால் ‘பி’ வகுப்பு என்றது. 169 அதற்குள் வருகிறது. ஆக, என் சிக்கலுக்கு அந்த நூல் தந்த விடை: உங்கள் முகவரி பி வகுப்பைச் சேர்ந்தது. காய்ச்சலோடு போனவனிடம் பிறந்த நட்சத்திரத்தைச் சொல்லி அனுப்பிய கதை. அதிலும் அந்த ஏ, பி, சி வகுப்புப் பிரிவினையை 1993இலேயே கைவிட்டு, சிஐடிஆர் என்ற வகுப்பில்லா முறைக்கு மாறிவிட்டார்கள். ‘முற்றிலும் திருத்திய பதிப்பு’ என்று பெயர். திருத்தியது அட்டையை மட்டும்தான்.

மதிப்புரைகளைப் பார்த்து வாங்கியிருக்கலாமே என்பீர்கள். பார்த்துத்தான் வாங்கினேன். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களை இப்போது மறுபடி வாசித்தால், பாதிப் பேர் ‘தேர்வில் தேறிவிட்டேன், நன்றி’ என்கிறார்கள். அதாவது இது சான்றிதழ்த் தேர்வுக்கான கையேடு. அறிமுக நூல் என்ற சட்டையை மாட்டிவிட்டிருக்கிறார்கள். எதுவும் தெரியாதவனுக்கு நல்ல நூல் எது, செத்த நூல் எது என்று பிரித்தறியவும் தெரியாது. அந்த அறியாமையை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

மூன்றாவது நூல் இணையவழித் தொடர்பைப் பற்றியது. தொலைவிலுள்ள கணினியோடு பேச டெல்நெட்டைக் கற்றுத் தருகிறது. கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே கம்பியில் அனுப்பும் டெல்நெட்டை! எச்சரிக்கை ஒரு வரி, அதுவும் அடிக்குறிப்பில். தரவை அனுப்பும் இரண்டு முறைகளில், வலைப்பக்கம் என்றால் டிசிபி, காணொளி என்றால் யுடிபி என்று சட்டம் போல எழுதியிருக்கிறது. ஆனால் வலைப்பக்கங்களைக் கொண்டுவர 2022இல் தரநிலையான எச்டிடிபி/3, யுடிபியின் மேல் அமைந்த குயிக் நெறிமுறையில்தான் ஓடுகிறது. தமிழில் ஏதாவது கிடைக்குமா என்று தேடியது தனித் துயரம்: ஒருவருக்கு வலையமைப்பு, இன்னொருவருக்குப் பிணையம், மற்றவருக்கு வலைப்பின்னல். மூன்றும் ஒன்றுதான் என்று புரிந்துகொள்ளவே ஒரு நூல் வேண்டும்.

இப்போதெல்லாம் எந்த நூலை எடுத்தாலும் பொருளடக்கத்தை விட்டுவிட்டு நேரே கடைசிப் பக்கங்களின் சொல்லடைவுக்குப் போகிறேன். டோக்கன் ரிங்குக்கு எத்தனை பக்கம், கணினிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபிக்கு எத்தனை, புதிய முகவரி முறையான ஐபிவி6 கடைசி அத்தியாயத்தின் வாலில் தொங்குகிறதா என்று எண்ணிப் பார்க்கிறேன். வாங்குவதற்கு முன் யாரும் சொல்லித் தராத பாடம் இது.

என் விடை எங்கே இருந்தது தெரியுமா? அதே இரண்டாவது நூலின் 412ஆம் பக்கத்தில், பொடி எழுத்தில், ஒரு சிறு கட்டத்துக்குள். கணினி வலையமைப்பில் நுழைந்ததும் ‘எனக்கொரு முகவரி தாருங்கள்’ என்று கூவுகிறது. அதற்குப் பதில் தருவது டிஎச்சிபி சேவையகம், வீடுகளில் பெரும்பாலும் ரவுட்டருக்குள்ளேயே இருப்பது. யாரும் பதில் தராவிட்டால் கணினி 169.254 வரிசையில் தானே ஒரு முகவரியைச் சூட்டிக்கொள்கிறது. அந்த முகவரியை வைத்துக்கொண்டு ரவுட்டரைத் தாண்ட முடியாது. நான்கே வாக்கியம்! ரவுட்டரை அணைத்துப் போட்டேன், இணையம் வந்துவிட்டது. முதல் பக்கத்தில் இருந்திருந்தால் மீதி 411 பக்கங்களையும் ஆசையோடு படித்திருப்பேன்.