சாவியைத் திருப்பிப் பிடித்திருந்தால் பேட்டரி தேறாது

"உறைபனியில் கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால் சாவியை விடாமல் திருப்பிப் பிடியுங்கள், பேட்டரி சூடாகித் தேறிவிடும்" என்றொரு செய்தி பரவுகிறது. அது தவறு. மைனஸ் 18 டிகிரியில் பேட்டரியின் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். எஞ்சின் ஆயிலும் கெட்டிப்பட்டிருக்கும். விடாமல் திருப்பினால் மிச்ச சார்ஜும் தீரும், ஸ்டார்ட்டர் மோட்டாரும் சூடேறிக் கருகலாம்.

விளக்கு, ஹீட்டரை அணைத்துவிட்டு, ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் போகாமல் முயலுங்கள். அப்புறம் ஒரு நிமிடமாவது பொறுங்கள். உங்கள் காருக்கான அளவைக் கையேட்டில் சரிபார்க்கலாம்.

எனக்குப் பெரிய கவலை வேறு. சார்ஜ் தீர்ந்த பேட்டரி மைனஸ் 10 டிகிரிக்கு அருகிலேயே உறையலாம். அதற்கு ஜம்ப் கொடுத்தால், அதாவது இன்னொரு பேட்டரியிலிருந்து கேபிள் வழியே மின்சாரம் கொடுத்தால், வெடிக்கக்கூடும். பக்கங்கள் உப்பியிருந்தால் கேபிள் மாட்டவே வேண்டாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அந்தச் செய்தியை, தயவுசெய்து, இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.