ஒரு காது திடீரென மந்தமானால் பொறுத்திருக்கலாமா?

ஒரு காது திடீரென அடைத்துக்கொண்டால் அது குறும்பியோ சளியோதான், எண்ணெய் விட்டு இரண்டு மூன்று வாரம் பொறுத்தால் சரியாகிவிடும் என்று பலர் பகிர்ந்திருக்கிறார்கள்.

பல நேரங்களில் காரணம் குறும்பிதான், மறுக்கவில்லை. ஆனால் உள்காதோ செவி நரம்போ பாதிக்கப்பட்டாலும் முதலில் தெரிவது அதே அடைப்பு உணர்வுதான். பெரும்பாலும் வலி இருக்காது. காலையில் எழும்போதே ஒரு பக்கம் மந்தமாகியிருக்கும், இரைச்சலும் சேரலாம். மூன்று நாட்களுக்குள் இப்படிக் கேட்கும் திறன் இறங்கினால் மருத்துவர்கள் அதை அவசர நிலையாகவே பார்க்கிறார்கள். ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால், பொறுத்திருங்கள் என்ற அறிவுரை எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

நீங்களே ஓரளவு சோதிக்கலாம். வாயை மூடி 'ம்ம்' என்று முனகுங்கள். அடைத்த காதில் ஒலி கூடுதலாகக் கேட்டால் குறும்பி, சளி போன்ற தடையாக இருக்கலாம். நல்ல காதில் கூடுதலாகக் கேட்டால் உள்காதைச் சந்தேகிக்க வேண்டும். மருத்துவர் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை (தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் உலோகக் கவையை) நெற்றியில் வைத்துச் செய்யும் வெபர் சோதனையும் இதே அடிப்படையில்தான் அமைந்தது. முனகலை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். ஓரிரு நாளுக்குள் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து, கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். திடீர் செவித்திறன் இழப்பு குறித்து அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவ அகாடமி 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இந்த இரண்டு வாரக் கணக்கைப் பார்க்கலாம்.