சகலை அடித்த கடைசி உதை

ருமேனியக் கால்பந்து வீரர் கியோர்கே ஹாஜியைப் பற்றிப் பேச்சு வந்தால் கால்பந்தை நன்கு அறிந்தவர்கள்கூட ஒன்றையே வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறார்கள்: ரியல் மாட்ரிட்டிலும் பார்சிலோனாவிலும் சோபிக்கவில்லை, கடைசியில் துருக்கிக்குப் போய் ஒதுங்கிவிட்டார். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆட்டக்காரரை விட்டுவிட்டு, அவர் அணிந்த சட்டையின் மதிப்பை அளப்பதால் வரும் பிழை இது.

அவர் எப்போது வெளிநாடு போக முடிந்தது என்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். 1965இல் பிறந்த ஹாஜி இருபது வயதிலேயே ருமேனிய லீக்கில் அதிகக் கோல் அடித்தவர். 1987 பிப்ரவரியில் ஐரோப்பிய சூப்பர் கோப்பை என்ற ஒரே ஓர் ஆட்டத்துக்காக, ருமேனியக் கிளப்பான ஸ்தியாவா புக்கரெஸ்ட் அவரை இரவல் வாங்கியது. அவர் அடித்த ஒரே கோலில் டைனமோ கீவை வென்றது. பிறகு அவரைத் திருப்பித் தரவே இல்லை. ருமேனியாவின் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி 1989 டிசம்பரில் கவிழ்ந்த பிறகுதான் வெளிநாடு போகக் கதவு திறந்தது. 1990 கோடையில் மாட்ரிட்டுக்குப் போனபோது அவருக்கு வயது இருபத்தைந்து.

அங்கே இரண்டு ஆண்டுகள். 1992 ஜூனில், லீக்கின் கடைசி நாளன்று, டெனெரிஃபே அணிக்கு எதிராக ஹாஜி தொலைவிலிருந்து அடித்த கோலால் மாட்ரிட் 2-0 என முன்னிலை பெற்றது. ஆட்டம் 2-3 என முடிந்து பட்டம் பார்சிலோனாவுக்குப் போனது. அந்தத் தோல்வியையும் அவர் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

அடுத்து அவர் சேர்ந்த இத்தாலியின் பிரெஷா, 1993இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. மாட்ரிட்டில் ஆடிய ஒருவர் அப்போதே மூட்டை கட்டியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தம் நாட்டுக்காரரான பயிற்சியாளர் மிர்சா லுச்செஸ்குவின் கீழ் ஹாஜி அங்கேயே ஆடினார். மறு ஆண்டே அணி முதல் பிரிவுக்கு ஏறியது. இரண்டாம் பிரிவில் ஆடிய அந்தக் கால்களோடுதான் அவர் 1994 உலகக் கோப்பைக்குப் போனார். கொலம்பியாவுக்கு எதிராக இடது ஓரக்கோட்டை ஒட்டி நின்றவர், கோல்கீப்பர் கோர்டோபா சற்று முன்னே வந்திருப்பதைக் கண்டு இடக்காலால் தூக்கி அடித்தார். பந்து கோல்கீப்பரின் தலைக்கு மேலாக வளைந்து வலைக்குள் விழுந்தது. ருமேனியாவின் மலைத்தொடரையும் அர்ஜென்டினாவின் நட்சத்திரத்தையும் சேர்த்து, 'கார்பாத்திய மலைகளின் மரடோனா' என்று ஹாஜியை அழைத்தார்கள். (இரவல் பட்டங்கள் எனக்குப் பிடிப்பதில்லை.) மரடோனா தடை விதிக்கப்பட்டு வெளியே இருக்க, அர்ஜென்டினாவை 3-2 என ருமேனியா வென்ற ஆட்டத்திலும் ஹாஜி ஒரு கோல் அடித்தார்.

அந்தக் கோடைதான் அவரைப் பார்சிலோனாவுக்கு அழைத்துச் சென்றது. அங்கே அவருக்குச் சரியாக அமையவில்லை என்பதை மறுக்க மாட்டேன்.

1996இல் முப்பத்தொரு வயதில் துருக்கியின் கலாட்டசராய் கிளப்புக்குப் போனார். ஒதுங்கப் போனவரின் கணக்கைப் பாருங்கள்: தொடர்ந்து நான்கு லீக் பட்டங்கள், பிறகு 2000 மே 17 அன்று கோபன்ஹேகனில் இங்கிலாந்தின் ஆர்சனலுக்கு எதிராக, ஐரோப்பியக் கிளப்புகளுக்கான யூஃபா கோப்பை இறுதி ஆட்டம். கூடுதல் நேரம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஆர்சனல் தலைவர் டோனி ஆடம்ஸுடன் மோதிச் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். அந்தக் கோபம் அவரோடு பிறந்தது. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. எஞ்சிய பத்துப் பேரும் கோல் விடாமல் தாக்குப்பிடித்து, பெனால்டிகளில் 4-1 என வென்றார்கள். துருக்கிக் கிளப் ஒன்றுக்குக் கிடைத்த முதல் ஐரோப்பியக் கோப்பை அது. வெற்றியை உறுதி செய்த கடைசி உதையை அடித்தவர் இன்னொரு ருமேனியரான கியோர்கே போபெஸ்கு, ஹாஜியின் சகலை.