சூக்கி வெயிலை விட்டுக்கொடுக்கவில்லை

ஷார்லெய்ன் ஹாரிஸ் எழுதிய சூக்கி ஸ்டாக்ஹவுஸ் வரிசையின் பதின்மூன்றாவது, கடைசி நாவலான 'டெட் எவர் ஆஃப்டர்' 2013 மே மாதம் வெளிவந்தது. 2001இல் தொடங்கிய கதையைப் பன்னிரண்டு ஆண்டுகள் விடாமல் படித்து வந்த வாசகர்கள் பலர் அதன் முடிவை இன்றுவரை மன்னிக்கவில்லை. முழு வரிசையையும் அண்மையில் மறுபடி படித்து முடித்த நான், அந்த முடிவு சரியானது என்றே நம்புகிறேன். இனி வருவதில் கதை முழுவதும் வெளிப்பட்டுவிடும் என்பதால், படிக்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

வாசகர்களின் கோபத்துக்குக் காரணம், ஆயிரம் வயதைக் கடந்த வைக்கிங் ரத்தக்காட்டேரியான எரிக் நார்த்மேனை விட்டுவிட்டு, மதுக்கூடம் நடத்தும் சாம் மெர்லாட்டிடம் சூக்கி போய்ச் சேர்ந்ததுதான். ஆனால் இந்தக் கதை எந்த ஆணுக்கு யார் என்ற கேள்வியோடு தொடங்கவில்லை. லூசியானா மாநிலத்தின் ஒரு கற்பனைச் சிற்றூரில், பாட்டியின் பழைய வீட்டில் வாழ்ந்துகொண்டு, மதுக்கூடத்தில் பரிமாறிப் பிழைக்கும் சூக்கி என்ற பெண்ணுக்குப் பிறர் மனத்தில் ஓடுவதெல்லாம் கேட்கிறது. அவளுக்கு ரத்தக்காட்டேரிகளின் மனம் மட்டும் கேட்பதில்லை. முதல் நாவலில் பில் காம்ப்டன் என்ற ரத்தக்காட்டேரியிடம் அவளை ஈர்த்தது அந்த நிசப்தம்தான். அதே பெண்ணுக்கு உலகத்திலேயே பிடித்தமான பொழுதுபோக்கு, முற்றத்தில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு வெயில் காய்வது. நாவலுக்கு நாவல் இந்தக் காட்சி திரும்ப வருகிறது. வெயிலை இவ்வளவு நேசிக்கும் ஒருத்தி, பகலையே இழக்கும் ரத்தக்காட்டேரி வாழ்க்கைக்கு ஒருநாளும் சம்மதிக்கமாட்டாள் என்பதை ஆசிரியர் முதல் நூலிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

கடைசி நாவலுக்கு முந்தைய நாவலின் இறுதிக் காட்சியையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பாட்டியின் மேசையில் ஒரு ரகசிய அறைக்குள் ஒளிந்திருந்த தேவதையுலகப் பரிசுப்பொருள் சூக்கியின் கையில் இருக்கிறது. அதைக் கொண்டு ஒரே ஒரு வேண்டுதலைத்தான் நிறைவேற்றிக்கொள்ள முடியும். எரிக்கை ஓக்லஹோமாவின் ரத்தக்காட்டேரி ராணியிடம் இருநூறு ஆண்டுகள் கட்டிப்போடும் ஒப்பந்தத்திலிருந்து அவள் விடுவித்திருக்கலாம். அவளோ, கண்முன்னே உயிர் விட்டுக்கொண்டிருந்த சாமைப் பிழைக்க வைத்தாள். அது யோசித்து எடுத்த முடிவு அல்ல, கை தானாக நீண்டது. கடைசி நாவல் செய்ததெல்லாம் அந்தக் கை எங்கே நீண்டது என்பதை அவளுக்கே புரியவைத்ததுதான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி காதல் சம்பந்தப்பட்டதே அல்ல. ஆர்லீன் என்ற பழைய தோழி, ஒரு காலத்தில் தன் பிள்ளைகளைச் சூக்கியிடம் விட்டுப் போனவள், பிறகு அவளைச் சிலுவையில் அறைந்து கொல்லும் சதியில் சேர்ந்தவள், சிறையிலிருந்து வெளியே வந்து பழைய வேலையையே கேட்டு மதுக்கூடத்துக்குள் நுழைகிறாள். சூக்கி மறுத்துவிடுகிறாள். அடுத்து ஆர்லீன் பிணமாகக் கிடக்கிறாள், கழுத்தை இறுக்கியது சூக்கியின் கழுத்துத் துணி. இந்த ஓர் இழையை மட்டும் வைத்துக்கொண்டே முழு நாவலையும் எழுதியிருக்கலாம்.

அப்படி எழுதாததுதான் என் உண்மையான மனக்குறை. பழைய எதிரிகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து இடத்தை அடைத்துக்கொள்கிறார்கள். இத்தனை நாவல்களிலும் சூக்கியின் குரலிலேயே கேட்டுப் பழகிய கதை, இந்த நூலில் திடீரென்று விலகி, வில்லன்கள் சதி செய்யும் அறைகளுக்குள் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. எரிக்குடனான பிரிவோ, ஒப்பந்த நிபந்தனைகளைப் பேசுவதிலேயே கழிந்துவிடுகிறது. அத்தனை ஆண்டு உறவுக்கு ஒரு முழு இரவாவது கொடுத்திருக்க வேண்டும். அந்த ஆண்டே அக்டோபரில் வந்த 'ஆஃப்டர் டெட்' என்ற சிறு நூல், யார் யாருக்கு என்ன ஆனது என்று அகரவரிசையில் சொல்கிறது. அது தேவையே இல்லை.

ஆனாலும், நூல் கடைக்கு வருமுன்பே முடிவு இணையத்தில் கசிந்தபோது ஆசிரியருக்கு மிரட்டல்கள் போனதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு பக்கத்தைக்கூடப் படிக்காமல் கோபப்பட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். எரிக்கை விரும்பிய என் தோழிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: முதல் நாவலை எடுத்து, அந்தச் சாய்வு நாற்காலி வரும் பக்கங்களை இன்னொரு முறை படித்துவிட்டு வாருங்கள், அதன்பிறகு பேசுவோம்.