பெல்கர் சாகத்தான் வேண்டும்

நாங்கள் இருவரும் படிக்கும் இணையச் சித்திரத் தொடரில் புதிய பக்கம் வந்த அன்று இரவு பதினோரு மணிக்குச் சித்தி மகனிடமிருந்து போன். எடுத்ததும் நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. "அண்ணே, படிச்சீங்களா? பெல்கர் இன்னும் மூச்சு விட்டுக்கிட்டுதான் இருக்கான். நான் சொன்னேன்ல, அவன் சாக மாட்டான்." அப்புறம் நள்ளிரவு தாண்டும் வரை அதே பேச்சு. காலையில் எழுந்தபோதும் மனசு அதிலேயே நின்றதால்தான் இந்த நீளமான பதிவு.

ரிச் பர்லூ வரையும் 'ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்' சித்திரத் தொடரைப் பற்றித்தான் சொல்கிறேன். இந்தப் புதிய பக்கத்தில் என்ன நடந்தது என்று எழுதப்போவதில்லை, நம் நண்பர்கள் பலர் இன்னும் படிக்கவில்லை. ஆனால் பழைய கதையைத் தாராளமாகச் சொல்வேன். இனிமேல்தான் முதலிலிருந்து படிக்கப்போகிறேன் என்பவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, படித்து முடித்தபின் வாருங்கள்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 2003 செப்டம்பரில் தொடங்கிய தொடர். குச்சிக் கை, குச்சிக் கால், வட்டத் தலை, அவ்வளவுதான் ஓவியம். பகடை உருட்டி ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் விதிகளை வைத்துச் சிரிக்கவைக்கும் துணுக்குகளாக ஆரம்பித்தது, போகப்போக உலகத்தின் அழிவையே பேசும் பெரிய மாயக்கதையாக வளர்ந்து, 1,300 பக்கங்களைத் தாண்டி, இப்போது ஏழாவதும் கடைசியுமான பாகத்தில் நிற்கிறது. ஆறு பேர் கொண்ட குழு. வாள்வீரன் ராய் அதன் தலைவன். குள்ளர் இனப் பூசாரி டர்கான், வில்லாளி ஹேலி, பாட்டுப் பாடும் எலன், மந்திரவாதி வார்சூவியஸ், இடுப்பளவு உயரமே உள்ள ஹாஃப்லிங் பெல்கர். பெல்கர் நல்லவன் கிடையாது. பொழுதுபோகவில்லை என்றால் கொலை செய்பவன்.

இந்தக் கதையில் ஒரு குறிசொல்லி வருகிறான். ஆளுக்கொரு கேள்விதான் கேட்கலாம், அவன் சொன்னது பலிக்காமல் போகாது. அவன் 2008-ல் வந்த 572-ஆம் பக்கத்தில் பெல்கரைப் பற்றிச் சொன்னது இதுதான்: இந்த ஆண்டு முடிவதற்குள் அவன் தன் கடைசி மூச்சை இழுப்பான், இனி என்றென்றைக்கும் அதுவே கடைசி. நமக்கு இது பல வருடக் காத்திருப்பு. கதைக்குள்ளே அந்த ஆண்டு இன்னும் முடியவில்லை.

நாம் மூச்சை விட்டான் என்போம். அங்கே மூச்சை இழுத்தான் என்கிறார்கள். என் தம்பி பிடித்துக்கொண்டிருப்பது அந்த 'மூச்சு' என்ற ஒரு சொல்லைத்தான். "செத்துடுவான்னு குறிசொல்லி வாயிலிருந்து நேரா வரலையே அண்ணே? மூச்சுன்னுதானே சொல்றான்? ரத்தக்காட்டேரி மூச்சு விடாது. கல்லா மாறினா மூச்சு விட வேண்டாம். அப்ப பெல்கர் அப்படி ஏதோ ஒண்ணா மாறி நம்ம கூடவே இருப்பான்." அவன் மட்டும் இல்லை, இந்தத் தொடரைப் படிக்கும் பெரும்பாலானோர் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த ஓட்டைக்குள் தலையை விட்டுப் பார்த்திருப்பார்கள். நானும் பல வருடம் பார்த்தேன். இந்த உலகத்தில் செத்தவரை எழுப்புவது ஒரு செலவுக் கணக்குதான். விளையாட்டின் 3.5 பதிப்பு விதிப்படி 5,000 பொற்காசு பெறுமானமுள்ள வைரம் இருந்தால் பூசாரி ஒருவர் பிணத்தை எழுப்பிவிடுவார். ராயே செத்து, மாதக்கணக்கில் மேலுலகத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவன்தான். அதனால்தான் குறிசொல்லி அந்த 'என்றென்றைக்கும்' என்பதைத் தனியாக அழுத்திச் சொன்னான். எழுப்பிவிடலாம் என்ற கதவை அந்த ஒரு சொல் அடைத்துவிட்டது. அந்தக் கதவு அடைபட்டதால் தான் எல்லோரும் ஜன்னலைத் தேடுகிறார்கள்.

ஜன்னல் இல்லை என்று நான் நம்புகிறேன். சும்மா நம்பவில்லை, ஆசிரியர் இதுவரை என்ன செய்திருக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

முதலில் டர்கான். தான் ஊருக்குத் திரும்புவதைப் பற்றிக் கேட்டார். "செத்த பிறகு" என்று பதில் வந்தது. மனுஷன் அழவில்லை, சந்தோஷப்பட்டார். எங்கே செத்தாலும் முன்னோர் மண்ணில் புதைப்பார்கள் என்ற நிம்மதி அவருக்கு. அந்தக் கட்டத்தை முதன்முதலில் படித்தபோது எனக்குத்தான் தொண்டை அடைத்தது. 331-ஆம் பக்கத்தில் சொன்னது, ஐநூறு பக்கங்களுக்கு மேல் கடந்து நடந்தது. மேலக் என்ற பல்லியினப் பூசாரி டர்கானின் நண்பர், இருவரும் உட்கார்ந்து தேநீர் குடித்துப் பேசுவார்கள். அந்த மேலக் ஒரு ரத்தக்காட்டேரி. பெல்கரை உறிஞ்சிக் கீழே போட்டிருந்த நேரத்தில் டர்கான் வந்து நிற்கிறார், நண்பனை எதிர்த்துச் சண்டை போடுகிறார், சாகிறார். பிறகு ரத்தக்காட்டேரியாகத்தான் ஊர் திரும்புகிறார். அதைப் பார், 'செத்த பிறகு' என்பதில் எவ்வளவு பெரிய சூட்சுமம் என்று என் தம்பி துள்ளுகிறான். சூட்சுமம் இருக்கட்டும், டர்கான் செத்தாரா இல்லையா? செத்தார். ஊர் திரும்பிய உடம்புக்குள் வேறொரு தீய ஆவி உட்கார்ந்திருந்தது, அவர் உள்ளே சிறைப்பட்டுக் கிடந்தார். குறிசொல்லி சொன்ன சொல் அதன் நேர்ப்பொருளிலேயே பலித்தது. நமக்குக் கிடைத்தது தப்பிக்கும் வழி இல்லை, நினைத்ததைவிடக் கொடுமையான ஒன்று.

அடுத்து வார்சூவியஸ். ஆணா பெண்ணா என்று ஆசிரியர் இன்றுவரை சொல்லாத பாத்திரம். இங்கே தமிழுக்கு ஒரு வசதி, 'அவர்' என்று எழுதினால் போதும். மந்திர ஆற்றலின் உச்சத்தை எப்படி அடைவேன் என்று அவர் கேட்டதற்கு வந்த பதில்: சரியான நான்கு சொற்களை, சரியான ஆளிடம், சரியான நேரத்தில், முழுக்க முழுக்கத் தவறான காரணங்களுக்காகச் சொல்வாய். நானும் என் அறைத்தோழனும் கல்லூரி விடுதியில் அந்த நான்கு சொற்களைத் தேடி ஒரு நாற்பது பக்க நோட்டையே நிரப்பினோம். மந்திரப் பெயர்கள், கட்டளைகள், சரணடையும் வார்த்தைகள் என்று பச்சை மசியில் அவன், நீல மசியில் நான். ஒன்றுகூடச் சரியில்லை. 634-ஆம் பக்கத்தில் குடும்பம் சாவின் வாயிலில் நிற்க, மூன்று பிசாசுகள் ஆற்றலை நீட்டுகின்றன. குருவின் உதவியோடு குடும்பத்தைக் காப்பாற்ற வேறு வழியும் இருக்கிறது என்று அவையே சொல்லிவிடுகின்றன. அதற்கப்புறமும் வார்சூவியஸ், "நான்... நான் ஜெயித்தே ஆகவேண்டும்" என்கிறார். ஆங்கிலத்தில் எண்ணிப் பாருங்கள், திக்கிய 'நான்' சேர்த்து நான்கே சொற்கள்.

நோட்டில் நாங்கள் முதல் மூன்று 'சரி'களைத்தான் துரத்தியிருந்தோம். கடைசியில் இருந்த 'தவறான காரணங்கள்' பக்கம் ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைகளின் உயிருக்காக என்று இல்லாமல் தன் கர்வத்துக்காகப் பேசிய பேச்சு அது. அந்தக் கர்வம் ஒரு கருப்பு டிராகனின் ரத்த உறவு முழுவதையும் ஒரே மந்திரத்தில் கொன்றது. அதில் டிராகன் ரத்தம் கலந்த ஒரு மனிதக் குடும்பமே அழிந்திருக்கிறது என்பது சுமார் இருநூறு பக்கங்கள் கழித்துத் தெரியவரும். வார்சூவியஸ் அதை உணரும் இடத்தில் நான் கணினியை மூடி வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

இனி நான் முக்கியமாகச் சொல்லவந்த இடம். பெல்கரும் குறிசொல்லியிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறான். மிகோ (குழுவோடு மோதிய ஒரு வீராங்கனை), அவளுடைய குதிரை, ராய், வார்சூவியஸ், இல்லையென்றால் குறிசொல்லியான நீ, இவர்களில் யாருடைய சாவுக்காவது நான் காரணமாவேனா? "ஆம்" என்று பதில். 567-ஆம் பக்கத்தை ஒட்டி அவன் திரும்பி வந்து, எங்கே நடந்தது, ஏமாற்றிவிட்டாய் என்று சண்டை பிடிக்கிறான். அப்போது குறிசொல்லி என்ன செய்கிறான் தெரியுமா? நாம் செய்வதையே செய்கிறான். நீ தாவும் மோதிரத்தைக் கொடுத்ததால்தான் ராய் டிராகன்மேல் தாவினான், செத்தான், ஆகவே நீயும் ஒரு காரணம். நீ சீண்டிச் சீண்டித்தான் மிகோ தடம் மாறிச் செத்தாள், ஆகவே அதற்கும் காரணம் நீ. சொல்லுக்குச் சொல் இழை பிரித்து, இதோ பலித்துவிட்டது, இதோ பலித்துவிட்டது என்று அடுக்குகிறான். ஒவ்வொன்றும் அப்படியே ரசிகர்களின் வாதம்.

பெல்கர் அதையெல்லாம் ஏற்கவில்லை. கத்தியை எடுத்து அங்கேயே குறிசொல்லியைக் குத்திவிடுகிறான். பட்டியலில் ஐந்தாவதாக இருந்த பெயர், நேரடியாக, அவன் கையாலேயே. குறிசொல்லி தன்னை எழுப்ப ஆள் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தான், அது வேறு விஷயம். ஓட்டை தேடும் விளக்கங்களை முதலில் வரிசையாக அடுக்கவிட்டு, பிறகு கண்ணுக்கு நேராகத் தெரிந்த பதிலைக் கொண்டே அவற்றைத் தள்ளிவிட்டார் பர்லூ. அதுவும் யாரைக் கொண்டு? பெல்கரைக் கொண்டு. அவனைப் பற்றிய குறியிலேயே, போயும் போயும் ஒரு சொல்விளையாட்டால் அவனைத் தப்பவைப்பார் என்று நான் எப்படி நம்புவது?

தம்பி கேட்டான்: "அப்ப நீங்க அவன் சாகணும்னு ஆசைப்படுறீங்களா?" ஆமாம் என்றேன். அவனுக்கு வருத்தம்தான்.

பெல்கர் எனக்கு மிகவும் பிடித்தவன். அதனால்தான் சொல்கிறேன். ஒரு சாபத்தால் காய்ச்சலில் விழுந்து கிடக்கும்போது, ஒரு நகரத்தை ஆண்டு செத்துப்போன ஷோஜோ பிரபு அவன் கனவில் வந்து ஓர் அறிவுரை சொல்வார். நல்லவனாக மாற வேண்டாம், மாறியதாக நடி, ஆட்டத்தின் விதிக்கு உட்பட்டதுபோல் காட்டிக்கொள் என்பார். அவனும் நடிக்கத் தொடங்குகிறான். அந்த நடிப்பு எந்தப் பக்கத்தில் நிஜமாகியது என்று நான் தேடிப் பார்த்திருக்கிறேன், ஒரு பக்கத்தைச் சுட்டிக்காட்ட முடியவில்லை. ஷோஜோவின் பூனை மிஸ்டர் ஸ்க்ரஃபியை அவன் எடுத்து வளர்க்கிறான். முதலில் அது வெறும் துணை. பிறகு அந்தப் பூனைக்கு ஒன்றென்றால் இவன் துடிக்கிறான். தனக்காக டர்கான் செத்தபோது நம்பவே முடியாமல் உடைந்துபோகிறான். டர்கானின் உடம்போடு திரும்பி வந்தது டர்கான் இல்லை என்று குழுவில் அவன் மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். யாரும் கேட்கவில்லை. அவன் யார், அவன் பேச்சை யார் கேட்பார்கள்? கடைசியில் அவன் சொன்னதுதான் உண்மை.

இப்படிப்பட்டவன் ஒருநாள், பிழைக்க வழியிருந்தும், யாருக்காகவோ நின்றுவிடுவான் என்றுதான் நான் எதிர்பார்க்கிறேன். டர்கான் தனக்குச் செய்ததை அவன் இன்னொருவருக்குச் செய்வான். அந்தக் கட்டத்தில் அவனைக் கல்லாக்கியோ காட்டேரியாக்கியோ நம்மிடம் திருப்பிக் கொடுத்தால், அவன் கொடுத்ததற்கு மதிப்பே இல்லாமல் போய்விடும். எலன் ஒருமுறை, இந்தக் கதை நல்லபடியாக முடியுமா என்று குறிசொல்லியிடம் கேட்டான். "ஆம், உன்னளவிலாவது" என்று பதில் வந்தது. அந்த 'உன்னளவிலாவது' யாரைக் குறித்துச் சொன்னது என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

சிலருக்கு இந்த ஊகமே பிடிப்பதில்லை. வரும்போது படித்துக்கொள்ளலாமே, எதற்கு இவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள் என்கிறார்கள். என் அம்மா வாராந்தரியில் தொடர்கதை படித்தவர். வெள்ளிக்கிழமை இதழ் வந்ததும் முதலில் அந்தப் பக்கம், பிறகு குழாயடியில் பக்கத்து வீட்டு அக்காவோடு அடுத்த வாரம் என்ன நடக்கும் என்ற விசாரணை. குடம் நிறைந்து வழிவதுகூடத் தெரியாது. தொடர் முடிந்ததும் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழுப்பு அட்டை போட்டு வைப்பார். அந்தப் பேச்சு இல்லையென்றால் அந்தக் கதைகள் அம்மாவுக்குள் அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்காது. அந்த நாற்பது பக்க நோட்டில் ஒரு ஊகமும் பலிக்கவில்லைதான். ஆனால் நோட்டு எழுதியதால்தான் 634-ஆம் பக்கம் என்னை அப்படி அடித்தது.

ஆசிரியர் இழுத்தடிக்கிறார் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய தொகுதிகளை மறுபடி அச்சிட 2012-ல் அவர் கேட்ட தொகை 57,750 டாலர். கிட்டத்தட்ட 15,000 வாசகர்கள் சேர்ந்து கொடுத்தது பன்னிரண்டரை லட்சம் டாலருக்கும் மேல். அதே ஆண்டில் கையில் பலத்த காயம், வரைய முடியவில்லை. திரும்பி வந்து வரைந்தார், இன்னும் வரைந்துகொண்டிருக்கிறார். கதையில் முகம் காட்டாமல் இருட்டுக்குள்ளேயே நிற்கும் ஒரு பூதம் எது என்பதை இத்தனை வருடம் காப்பாற்றி, குறிப்புகளை மட்டும் நேர்மையாகத் தூவிக்கொண்டே வருபவருக்கு அவர் கேட்கும் நேரத்தைக் கொடுப்பதில் எனக்கு மனத்தடையே இல்லை.

சரி, பெல்கர் சாவான், அதில் எனக்கு ஐயம் இல்லை. உண்மையிலேயே ஊகிக்க வேண்டியது அந்தப் பூனையைப் பற்றித்தான். ஷோஜோவிடமிருந்து பெல்கரிடம் வந்தது. பெல்கரிடமிருந்து யாரிடம் போகும்? தம்பி வார்சூவியஸ் என்கிறான், காரணமும் சொல்கிறான், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் டர்கான் என்கிறேன். பெல்கருக்காக ஒருமுறை உயிரையே கொடுத்து, பிற்பாடு உயிரோடு மீண்டு வந்தவர், அவன் பூனைக்கு ஒரு கிண்ணம் பால் வைக்க மாட்டாரா? பெல்கரின் இன்னொரு வளர்ப்புப் பிராணியான அந்த மாமிசப்பட்சி டைனோசரை, மந்திரத்தால் பல்லி உருவத்தில் அவனோடு திரியும் அதை, யார் வைத்துக்கொள்வார்கள் என்பதில்தான் இன்னும் எங்களுக்குள் தகராறு. இன்று இரவும் போன் வரும்.