ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரில் கடல் 200 மீட்டர் உள்ளே வந்துவிட்டதா?

"பழைய மேப்பில் கரையில் இருந்த இடம் ஜிபிஎஸ்ஸில் கடலுக்குள் இருக்கிறது" என்று சுற்றும் வாட்ஸ்அப் செய்தி தவறு. பழைய சர்வே ஆஃப் இந்தியா ஷீட் (அரசு வரைபடத் தாள்) எவரெஸ்ட் நீள்கோளத்தில், அதாவது பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கில் வரைந்தது. கைபேசி காட்டுவது ஜிபிஎஸ் பயன்படுத்தும் உலகப் பொதுக் கணக்கான டபிள்யூஜிஎஸ் 84. இரண்டுக்கும் பூமியின் மையமே வேறு. ஷீட்டில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மாற்றாமல் ஜிபிஎஸ்ஸில் போட்டால் இந்தக் கரையில் புள்ளி தென்கிழக்கே 200 மீட்டருக்கு மேல் தள்ளி விழும்.

அதே ஷீட்டிலிருந்து பாம்பன் கலங்கரை விளக்கத்தைப் போட்டுப் பாருங்கள். அசையாத அந்தக் கட்டடமும் அதே பக்கம், அதே அளவு தள்ளி நிற்கும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பழைய ஷீட்டின் கணக்கான 'கல்யாண்பூர் 1975' கொடுத்து, இந்தியாவுக்கான மாற்றத்தை (மையத்தை மூன்று அச்சுகளில் நகர்த்தும் அளவு: 295, 736, 257 மீட்டர்) தேர்ந்தெடுத்தால் பத்திருபது மீட்டருக்குள் வந்து உட்காரும். வேறு நாட்டுக்கான மாற்றத்தைத் தொட்டால் மறுபடி பிசகும்.

1964 புயலில் தனுஷ்கோடியைப் பறிகொடுத்த கரை இது; பயம் புரிகிறது. தயவுசெய்து இந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.